திருத்த அனுமதி இல்லை

பாஸ்வேர்ட் கேட்காமலே திறந்துகொண்டது, அதுதான் முதல் உறுத்தல். அந்த லேப்பில் சாதாரண சர்க்கரை ரிப்போர்ட்டுக்கே பெயரின் முதல் நான்கு எழுத்தையும் பிறந்த வருஷத்தையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். என் வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கிள்ளியெடுத்த சதையைப் பற்றிய ரிப்போர்ட் மட்டும் சத்திரத்துக் கதவு மாதிரி திறந்து கிடக்கிறது. சரி, எனக்குச் சிரமம் வேண்டாமென்று இவர்தான் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு அனுப்பியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்ட கையோடு, இவருக்கா, கலியமூர்த்திக்கா அதெல்லாம் தெரியும் என்று உள்ளே இன்னொருத்தி சிரித்தாள். விளையாட்டு வாத்தியார். விசில் ஊதத் தெரியும், கபடிக்குக் கோடு போடத் தெரியும். போனில் வந்த போட்டோவை இன்னொருத்தருக்கு அனுப்ப வேண்டுமென்றால் மகளைக் கூப்பிடுகிற மனிதர். இப்போது அடுப்படியில் வஞ்சிரம் கழுவிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே அந்தப் பக்கம் போனவர், காலையில் ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நேராக மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்திருக்கிறார். "நீ படு கோதை, இன்னிக்கு நம்ம கொழம்பு" என்கிறார். குழாய் திறக்கிறது, மூடுகிறது. பாத்திரம் விழுகிறது. பாட்டு வேறு. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள், இவர் கொஞ்சம் கூடுதலாகவே குரைக்கிறார். சே, என்ன நினைப்பு இது. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறவர்கள் பாத்திரத்தைக் கீழே போடுவார்கள்தான். ஃபேன் சுற்றுகிறது. வலி இல்லை. இருக்கிறது, ஆனால் மாத்திரைக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். அதே பக்கம், அதே தடித்த வரி. புற்று அணுக்கள் எதுவும் காணப்படவில்லை என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் வரி. நல்ல வரி. எத்தனை தடவை படித்தாலும் நல்ல வரிதான்.

என் கட்டைவிரல் கெட்ட விரல். எந்த டாக்குமெண்ட்டைத் திறந்தாலும் எழுத்தின் மேல் ஒரு நொடி அமுக்கிப் பார்க்கும். நுனியை ஒடித்துப் பார்க்காமல் எவள் வெண்டைக்காய் வாங்குவாள்? அப்படித்தான். பார்க்கிற வேலை அப்படி. எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டி அனுப்புகிறோம், அதில் கடைசி மேஜை என்னுடையது, யாரும் கை வைக்க முடியாதபடி கோப்பைப் பூட்டுகிற மேஜை. சரிபார்க்கப் போகும் பிரதியில் எழுதியவர் ஓரமாகக் குறிப்பு எழுதலாம், உள்ளே கை வைக்கக் கூடாது. வாசகருக்குப் போகும் பிரதியைப் படிக்கலாம், வேண்டுமானால் அச்சடித்துக்கொள்ளலாம், நகலெடுக்கக் கூடாது, ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. பூட்டிவிட்டு நானே திருடியாக மாறி ஒவ்வொரு வாசலாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். எழுத்தை அமுக்கினால் நீலம் படரக் கூடாது. படர்ந்தால் அதை அள்ளிக்கொண்டு போகலாம், பூட்டு விழவில்லை என்று அர்த்தம். அப்படிப் பூட்டாமல் போன ஒரு பிரதியில் எவனோ மருந்தின் அளவில் புள்ளியைத் தள்ளி வைத்துச் சுற்றவிட்டு, அது பெரிய வம்பாகி, எங்கள் மேனேஜர் சுதந்திரராஜன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "எழுதறவன் பொய் எழுதினா அது அவன் பாவம் மேடம். நடுவுல எவனும் மாத்தாம பாத்துக்கறதுதான் நம்ம பொழப்பு." அந்தப் பிழைப்பு வீடு வரை வந்துவிட்டது. கரண்ட் பில்லை அமுக்கிப் பார்ப்பேன், கல்யாணப் பத்திரிகையை அமுக்கிப் பார்ப்பேன். தாரணிக்குப் போன வருஷம் ஹைதராபாத்தில் வேலை என்று ஒரு ஆர்டர் வந்தது. துள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். அவள் கண்ணெதிரே அமுக்கினேன், நீலமாகப் படர்ந்தது. சம்பளத்தில் ஒரு சைபரைச் சேர்த்து, "இந்தா, உனக்குச் சம்பளம் ஏத்திட்டேன், சந்தோஷமா?" என்றேன். என் பெண்ணாயிற்றே, மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசவில்லை. பிறகு அவளுக்கும் அந்த விரல் வந்துவிட்டது. ஹாஸ்டல் மெஸ் பில்லைக்கூட அமுக்கிப் பார்க்கிறாளாம். இன்று காலையிலிருந்து நான் என் விரலை மடக்கியே வைத்திருக்கிறேன்.

அமுக்கினால் என்ன ஆகிவிடும்? நீலம் படராது. படராவிட்டால் லேப்காரன் பூட்டிய ரிப்போர்ட் இது, பாஸ்வேர்ட் மட்டும் எப்படியோ போயிருக்கிறது, நான் எழுந்து போய் இவரைத் தள்ளிவிட்டுக் குழம்பைக் காப்பாற்றலாம். படர்ந்தால்? படர்ந்தாலும் ஆயிரம் காரணம் இருக்கலாம், ஒரு நாள் பூட்ட மறந்திருப்பார்கள், லேப்பில் என்னை மாதிரி ஒருத்தி லீவு போட்டிருப்பாள். சந்தேகப் பிசாசு. உனக்கு எதுவும் நல்லபடியாக நடந்தால் ஆகாது என்று இவர் என்னைத் திட்டுவார், உண்மைதான், காய்கறிக்காரன் கொசுறு கொடுத்தால்கூட அழுகலோ என்று புரட்டிப் பார்க்கிறவள் நான். வேண்டாம். நல்ல வரியை நல்ல வரியாகவே வைத்துக்கொண்டு தூங்கலாம். வெளியே வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சுகிறது, மீன் வாடையோடு மஞ்சள்தூள் வாடையும் வருகிறது. விரல் இறங்கிவிட்டது. நான் இறக்கவில்லை, அதுவாக இறங்கியது. அந்தத் தடித்த வரி முழுவதும் நீலமாகிப் போனது. மேல் வரியை அமுக்கினேன், நீலம். என் பெயர், நீலம். வயது, நீலம். எல்லாம் திறந்த வீடு. அதற்கப்புறம் கண்ணை யார் தடுப்பது. லேப்பின் முத்திரை இடது பக்கமாகத் துளி சாய்ந்திருக்கிறது, காகிதத்தை மேஜையில் வைத்துப் போனில் படம் பிடித்து வெட்டி ஒட்டினால் அப்படித்தான் சாயும். அவர்கள் எழுத்து மெல்லிய எழுத்து, போன மாதத்து ரத்த ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். இதில் இருப்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்தவுடன் தானாக வந்து நிற்கிற எழுத்து. சில இடத்தில் இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் இடைவெளி. கோப்பின் விவரத்தைத் திறந்தேன், உருவாக்கியவர் யார் என்று ஒரு வரி வருமே அது. உருவாக்கியவர்: பூங்கோதை கே. என் பெயர். என் லேப்டாப். என் நோய்க்கு நானே ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன் என்று கோப்பு சாட்சி சொல்கிறது. உருவாக்கிய நாள், வியாழக்கிழமை. ரிப்போர்ட் இன்று காலைதான் வந்தது என்கிறார் இவர். வியாழக்கிழமை சாயங்காலம் நான் மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்தேன், இவர் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "ஸ்போர்ட்ஸ் டே சர்டிபிகேட் கோதை, ஹெச்எம் உசுர எடுக்கறாரு" என்றார். பிறகு குரல் கொடுத்தார்: "கோதை, ஒரு வரிய மட்டும் தடியா ஆக்கணும்னா எப்படி?" நான் படுத்தபடியே சொல்லிக் கொடுத்தேன், வரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று. ஜெயித்த பையனின் பெயரைத் தடிமனாக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பூட்டை உடைக்கவில்லை மனிதர். பூட்டை உடைக்க அவருக்குத் தெரியாது. அசல் ரிப்போர்ட்டில் கை வைக்க முடியாது என்று தெரிந்ததும் பக்கத்திலேயே வேறொரு வீடு கட்டியிருக்கிறார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறார். அந்த வாயில் நுழையாத மருத்துவ வார்த்தைகளை எல்லாம், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கெட்ட வார்த்தை வரும் இடத்தில் நிறுத்தி, அதைப் பார்த்து, அதைத் தாண்டி. அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடியிருப்பார். கோபம் வருகிறது எனக்கு, என்ன தைரியம், என் உடம்பு, என் ரிப்போர்ட், என் லேப்டாப், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார், கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், இவர் கெட்டிக்காரரும் இல்லை. அடுத்த நொடி அந்த ஒற்றை விரல் ஞாபகம் வந்து கோபம் நிற்க இடமில்லாமல் போகிறது. பயம்தான் நிற்கிறது. பயத்துக்குக் கணக்குப் போடத் தெரியும், அது ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. குழாய் விட்ட அன்றைக்கு டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்: "புண்ணா இருந்தா மாத்திரையில சரியாயிடும்மா. வேற மாதிரி இருந்தாலும் பயப்பட வேணாம், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்." இன்று காலையில் இவர் சொன்னது, "ஆபரேஷன்லாம் தேவையே இல்லன்னுட்டாரு டாக்டர்." ரிப்போர்ட் பொய் என்றால் அது வேறு மாதிரிதான். வேறு மாதிரி என்றால் ஆபரேஷன். ஆபரேஷன் தேவையில்லை என்பதில் மட்டும் இவர் பொய் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் வயிற்றை அறுக்க முடியாதே. அப்படியானால் டாக்டர் நிஜமாகவே வேண்டாம் என்றிருக்கிறார். எடுக்க முடிந்தால் எடுத்திருப்பார். அங்கேயே நிற்கிறது கணக்கு. மறுபடி முதலிலிருந்து போட்டேன், எங்காவது தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று. புண், மாத்திரை. வேறு மாதிரி, ஆபரேஷன். ஆபரேஷன் இல்லை. மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

பக்கத்தின் அடியில் ஒரு வெள்ளை இடம் இருக்கிறது. தடித்த வரிக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே. பக்கம் கட்டுகிறவளின் கண்ணுக்கு அது வெள்ளை இடம் இல்லை, எதையோ எடுத்த இடம். ஓர் அளவான பத்தி அங்கே இருந்திருக்க வேண்டும். எவ்வளவு முற்றியது, எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அந்தப் பத்தி சொல்லியிருக்கும். அதை மாற்றி எழுத அவருக்கு வார்த்தை கிடைத்திருக்காது, விட்டுவிட்டார். அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருக்கிறது, எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியும், அசல் அதில் இருக்கும், பாஸ்வேர்ட் என் பெயரும் என் பிறந்த வருஷமும்தான். தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போனால் போதும். கால் போகவில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று ஒருத்தி கேட்கிறாள். உன் சாவு உனக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரிவதா என்று இன்னொருத்தி கேட்கிறாள். ஊருக்குத் தெரியாது, இவருக்கு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமையிலிருந்து இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கெல்லாம் போய்விட்டு வந்திருக்கிறார். நான் போய் அந்தப் போனைத் திறந்தால் அவர் தட்டிய அத்தனை எழுத்தும் வீண். திறக்காவிட்டால் இந்த வெள்ளை இடத்தை நானே எழுதிக்கொண்டிருப்பேன், வயிறு, கல்லீரல், எலும்பு என்று. இரண்டிலும் எனக்கு நிம்மதி மிச்சமில்லை. சாக எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அடுப்படியில் வெங்காயம் வதங்கும் சத்தம்.

போன் கையிலேயே அதிர்ந்தது. தாரணி. காலையிலிருந்து மெசேஜாக அனுப்பியவள் இப்போது கூப்பிடுகிறாள், கோயம்புத்தூரில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நிற்கிறாள் போல, காற்று இரைகிறது. "ஏம்மா, ரிப்போர்ட் அனுப்புன்னா அனுப்ப மாட்டியா?" "அப்பாதான் சொன்னாரேடி, எல்லாம் நல்லா இருக்குன்னு." "அவரு சொல்லுவாரு. எனக்குப் பல்லு புடுங்கறப்பகூட எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்கும்னு சொன்ன ஆளு. எனக்கு ரிப்போர்ட் வேணும். நைட்டு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன், காலைல வந்துருவேன்." "திங்கக்கெழம பரீட்சை இல்ல?" "அது அப்புறம் எழுதிக்கலாம். புக்க தொறந்தா ஒண்ணுமே ஏறலம்மா, ஒரே எழுத்தா தெரியுது. நீ ரிப்போர்ட்ட அனுப்பு, பாத்துட்டு முடிவு பண்றேன். இல்லன்னா கெளம்பி வரேன்." "அனுப்பறேன், வை." வைத்துவிட்டாள். வந்துவிடுவாள். அனுப்பாமல் இருந்தால் போதும், காலையில் கேட்டைத் திறந்துகொண்டு, தலை சீவாமல், பையை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். எனக்கு அது வேண்டும். அவளுடைய எண்ணெய் வழியும் தலையை என் தோளில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்தால் முதல் வேலையாக என் போனைப் பிடுங்குவாள். அமுக்கிப் பார்ப்பாள். அப்புறம் வாத்தியாரை இரண்டு கேள்வி கேட்டால் போதும், மனிதர் மகள் முன்னால் மெழுகு. கடைசி செமஸ்டர். இதை எழுதாவிட்டால் ஓசூரில் கிடைத்திருக்கிற வேலை நிற்காது. அதைவிட, நான் இல்லாமல் போன பிறகு, அம்மாவுக்கு அப்படி ஆன சமயத்தில் நான் படிப்பை விட்டேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டு இருப்பாள். இதையே அனுப்பினால் இந்தக் கோணல் முத்திரையை அவள் ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிடுவாள். நான் வளர்த்த விரலாயிற்றே.

லேப்டாப் கட்டிலுக்குக் கீழே இருந்தது. குனிந்தபோது வலி எழுந்து உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திறந்தேன். போன மாதத்து ரத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், அதே லேப், அதே அமைப்பு. முதலில் எழுத்தை மாற்றினேன். மெல்லிய எழுத்து வந்து உட்கார்ந்ததும் பாதிப் பொய் நிஜமாகிவிட்டது. இடைவெளிகளை நெருக்கினேன். ஒரு இடத்தில் ஸ்பெல்லிங் தப்பு, இன்னொரு இடத்திலும் தப்பு, பள்ளிக்கூடத்து வாத்தியார், வெட்கக்கேடு என்று வாய்விட்டுச் சொன்னேன். பழைய ரிப்போர்ட்டிலிருந்து முத்திரையை எடுத்து நேராக வைத்தேன். தடித்த வரியைத் தடிமன் நீக்கிச் சாதாரணமாக்கினேன், நிஜ லேப்காரன் சந்தோஷத்தைத் தடித்த எழுத்தில் போட மாட்டான். வெள்ளை இடத்தில் என்ன போடுவது? காலியாக விட்டால் தாரணி விட மாட்டாள். வயிற்றுச் சுவரில் சாதாரண அழற்சி இருக்கிறது, மருந்து கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கவும் என்கிற மாதிரி ஒரு பத்தி எழுதினேன். இத்தனை வருஷம் அடுத்தவன் எழுதியதைப் பக்கம் கட்டியதில் அந்த நடை எனக்கு வந்துவிட்டிருக்கிறது, படித்துப் பார்த்தால் நல்ல பத்தி, நானே நம்பிவிடுவேன் போலிருந்தது. வேலியே பயிரை மேய்கிறது, சுதந்திரராஜன் பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்திருந்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயரை அழித்து லேப்பின் பெயரைப் போட்டேன். உருவாக்கிய தேதியை இன்றைய தேதியாக்கினேன்.

"கோதை, புளி எவ்ளோ கரைக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கைலி மடித்துக் கட்டி, கை முழுக்க மிளகாய்த்தூள். லேப்டாப்பைப் பார்த்ததும், "லீவுல கூடவா ஆபீஸ் வேல" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். திரையில் அந்தப் பக்கம்தான் இருந்தது. நான் மூடவில்லை. மூட நேரம் இருந்தது, மூடவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மூக்கின் மேல் வியர்வை. எனக்கு அவரைப் பார்க்கத் தைரியமில்லை, திரையில் அவர் பார்க்கும் இடத்தையே பார்த்தேன். முத்திரையைப் பார்த்தார். "அது கோணலா இருந்துச்சு. நேராக்கத் தெரியல எனக்கு" என்றார். குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாக இருந்தது. "தாரணி ரிப்போர்ட் கேட்டா" என்றேன். "அவகிட்டயும் வாயாலதான் சொன்னேன்." "அவ நம்பல. நைட்டு கெளம்பி வராளாம்." அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், கையைத் துடைக்க இடம் தேடிக் கைலியில் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் நீங்களே தட்டுனீங்களா?" "ம்." "அர்த்தம் தெரிஞ்சா?" கைலியில் இன்னொரு தடவை கையைத் துடைத்தார். அந்த வெள்ளை இடத்தில் என்ன இருந்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவர் வாய் லேசாகத் திறந்தது, கேட்டால் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் அழுதுவிடுவார், இந்த மத்தியானத்தில் அதற்கு இடமில்லை. "நெல்லிக்கா அளவு போதும் புளி. வஞ்சிரத்துக்குப் புளிப்பு ஏறக் கூடாது" என்றேன். "ம்" என்றார். எழுந்திருக்கவில்லை. என் முழங்காலின் மேல் கை வைத்தார், போர்வையில் மிளகாய்த்தூள் ஒட்டியது. "வியாழக்கெழமையிலேர்ந்து சாப்புட்டீங்களா ஒழுங்கா?" என்று கேட்டேன். "சாப்புட்டேனே" என்றார். அதுவும் பொய்தான். ஏதோ தீய்கிற வாடை வந்ததும் எழுந்து ஓடினார்.

பூட்டினேன். திறக்க பாஸ்வேர்ட், என் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும், லேப் வழக்கப்படி. நகலெடுக்க அனுமதி இல்லை. திருத்த அனுமதி இல்லை. அச்சிட அனுமதி உண்டு. பிறகு வழக்கம் போல நானே திருடியாகி ஒவ்வொரு வாசலையும் தள்ளிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. என் மேஜையிலிருந்து போனதிலேயே சுத்தமான பிரதி இதுதான். தாரணிக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, திறந்துவிட்டாள். பார்க்கிறாள். என்னென்ன செய்து பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும், அவள் செய்யச் செய்ய நானும் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கண்டுபிடி என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன், நிஜமாகவே வேண்டிக்கொண்டேன், எங்காவது ஒரு எழுத்து உனக்கு உறுத்தட்டும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா. நேரம் போனது. அடுப்படியில் தாளிக்கிற சத்தம் அடங்கியது. பிறகு அவள் எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறாள். வந்தது. "ஐயோம்மா இப்பதான் உயிரே வந்துச்சு. உக்காந்து நல்லா அழுதுட்டேன். டிக்கெட் கேன்சல் பண்ணிட்டேன். பரீட்சை எழுதிட்டு ஃப்ரெண்ட்ஸோட அப்படியே மூணாறு போறேன், எல்லாரும் ரொம்ப நாளா கூப்புடறாங்க, நீ இப்படி இருக்கன்னுதான் வரலன்னு சொல்லி வச்சிருந்தேன். அங்கேருந்து நேரா ஓசூர் போய் வேலைல சேந்துடறேன். மொத சம்பளம் வாங்கிட்டு வரேன். ஜூலைல வரேன், சரியா?" ஜூலை என்ற வார்த்தையைப் பார்த்தேன். இப்போது சித்திரை. விரல் ஏதோ எழுதியது, அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். உள்ளேயிருந்து இவர், "கோதை, சாப்புட வரியா?" என்று கூப்பிடுகிறார். "சரிடா கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா" என்று எழுதி அனுப்பினேன்.